ஒரு சொட்டில் இரண்டு நாள்: குழந்தைக்கான இன்சுலின் பம்ப்

வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஆக, ஒரு சொட்டு 5 யூனிட். டைப் 1 நீரிழிவு உள்ள பத்துக் கிலோ குழந்தைக்கு, சாப்பாட்டுக்கான டோஸ் போக, 24 மணி நேரமும் ஓடவேண்டிய 'பேசல்' இன்சுலின் ஏறத்தாழ 2.4 யூனிட்தான். ஒரே சொட்டை இரண்டு நாளுக்குப் பங்குபோட்டு உடம்புக்குள் அனுப்பவேண்டும். திரை, செயலி, நிறம் எல்லாம் பிறகு. இந்தச் சொட்டைப் பம்ப் எவ்வளவு பொடியாகப் பிரிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பம்புக்குள் மோட்டார் ஒரு திருகைத் துளித்துளியாகச் சுற்றும். அது மருந்துக்குழலின் பிஸ்டனைத் தள்ளும். 2.4 யூனிட் என்றால் மணிக்கு 0.1. அளவை 0.05 யூனிட் படிகளில் மட்டுமே மாற்றமுடிகிற பம்பில், இரவில் சர்க்கரை இறங்குகிறதே, கொஞ்சம் குறைப்போம் என்றால் அடுத்த படி 0.05. கொஞ்சம் குறைப்பதாக நினைத்துப் பாதியாக வெட்டிவிடுகிறோம்! 0.025 படி உள்ள பம்பில் 0.075 வைக்கலாம். பள்ளிப் பிள்ளைக்கு இது பெரிய விஷயமில்லை. தவழும் பிள்ளைக்கு இதுவே எல்லாம். அதுவும் போதாதபோது சில மருத்துவர்கள் இன்சுலினை நீர்த்துத் தருவார்கள். பத்து மடங்கு நீர்த்தால் திரையில் தெரியும் 1 யூனிட் உண்மையில் 0.1தான். வீட்டில் ஒருவருக்கு அது மறந்தாலும் ஆபத்து.

அடுத்தது அடைப்பு. மருந்து உள்ளே போகிறதா என்று பம்புக்குத் தெரியாது. அழுத்தம் ஏறுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். 2 யூனிட் தேங்கினால்தான் அலாரம் அடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 0.1 ஓடும் குழந்தைக்கு அது 20 மணி நேரம். கையேட்டில் 'அடைப்பைக் கண்டறியும் நேரம்' என்ற அட்டவணை இருக்கும். வாங்குமுன் அதில் மிகக் குறைந்த வேகத்துக்கான வரியைப் படியுங்கள். கசிவு என்றால் இன்னும் மோசம்: அழுத்தமே ஏறாது, அலாரமும் வராது.

குமிழியும் அப்படித்தான். 10 மைக்ரோலிட்டர் காற்றுக்குமிழி, கடுகைவிடச் சற்றுப் பெரிது, 1 யூனிட் இடத்தை அடைத்துக்கொள்ளும். நம் குழந்தைக்கு அது பத்து மணி நேர பேசல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இன்சுலினை உடனே நிரப்பினால், சூடேறும்போது கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழியாகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் நிரப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பதற்றம்? பம்பில் ஓடுவது விரைவு இன்சுலின் மட்டும். நீண்டநேர இன்சுலின் கையிருப்பு உடம்பில் கிடையாது. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். காரணமில்லாமல் சர்க்கரை 250 மி.கி.க்கு மேல் போனால் ரத்தக் கீட்டோன் பாருங்கள். லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் மருத்துவர் எழுதித் தந்த திருத்த டோஸை (ஏறிய சர்க்கரையை இறக்கும் டோஸ்) இன்சுலின் பேனாவிலோ ஊசியிலோ முதலில் போட்டுவிட்டு, பிறகு செட்டை (பம்பிலிருந்து உடம்புக்கு மருந்து கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு) மாற்றவேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 1.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 3 என்றால் நேரே மருத்துவமனை.

குழாய் உள்ள பம்பா, உடம்பில் ஒட்டும் பேட்ச் பம்பா? குழாய் இழுபடும், ஆனால் குளிக்கும்போது கழற்றலாம். கேனுலா, அதாவது தோலுக்குள் இறங்கும் சின்னக் குழல், மடங்கினால் செட்டை மட்டும் மாற்றினால் போதும். பேட்ச் பம்பில் குழாய்த் தொல்லை இல்லை. கேனுலா மடங்கினால் முழு பம்பையும், உள்ளே இருக்கும் மருந்தோடு தூக்கிப்போடவேண்டியதுதான். ஆம்னிபாட் என்ற பேட்ச் பம்பில் குறைந்தது 85 யூனிட் நிரப்பவேண்டும்; 3 நாளில் மாற்றவேண்டும். நாளுக்கு 6 யூனிட் போடும் குழந்தை 18ஐப் பயன்படுத்தும், 67 வீண். கூடவே சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாருக்கும் அந்தச் சின்ன உடம்பில் இடம் வேண்டும். ஒல்லிப் பிள்ளைகளுக்குச் சாய்வாகச் செருகும் கேனுலா நன்றாக உட்காரும். மென்கேனுலா அடிக்கடி மடங்கினால் எஃகு ஊசி செட் மடங்காது, ஆனால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

சென்சாரின் 5 நிமிட அளவீட்டை வைத்துத் தானாகவே பேசலை ஏற்றி இறக்கும் பம்புகள் நிச்சயம் பார்க்கவேண்டியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வயது, எடை, தினசரி டோஸ் வரம்பு உண்டு; நாளுக்கு 8 யூனிட்டாவது வேண்டும் என்று கேட்பவையும் இருக்கின்றன. சாப்பாட்டு டோஸை இவற்றிலும் நாம்தான் சொல்லவேண்டும். சென்சார்மேல் குழந்தை படுத்துத் தூங்கினால் சர்க்கரை பொய்யாகக் குறைந்து தெரியும், பம்பும் நம்பி நிறுத்திவிடும். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்ப்பதே சரி.

படுக்கப்போகும் நேரத்தில் செட் மாற்றாதீர்கள். மாற்றி 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால்தான் கேனுலா சரியாக இறங்கியதா என்று தெரியும். பம்ப் செத்தால் அதிலுள்ள அளவுகளும் போய்விடும். எனவே பேசல், சாப்பாட்டு விகிதம், திருத்த விகிதம் மூன்றையும் தாளில் எழுதி, காலாவதியாகாத நீண்டநேர இன்சுலினோடு வையுங்கள்.