காய்ச்சலோடு வரும் மாணவரைத் தடுக்க வேண்டுமானால், வருகைப்பதிவைத் தளர்த்துங்கள்

கொரோனாவால் மூடியிருந்த கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1 முதல் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் திறந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஒரே போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பாடம் கேட்ட வீடுகள் எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் ஒரு பிப்பெட்டைக்கூடத் தொடாமல் வேதியியலில் ஒரு வருடத்தை முடித்த பிள்ளைகளையும் தெரியும். நேரடி வகுப்பு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் அந்த மாதம் என் கிளினிக்கில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: "சார், நாளைக்கு ப்ராக்டிகல் இருக்கு. காய்ச்சல் இன்னைக்கே நிக்கிற மாதிரி ஒரு ஊசி போட்டுடுங்க."

தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, 100 டிகிரி காய்ச்சல். "கொரோனா டெஸ்ட் எடுத்துடலாம் தம்பி" என்றால் முகம் மாறிவிடும். அப்போதைய விதிப்படி பாசிட்டிவ் வந்தால் பத்து நாள் தனிமை. சுழற்சி முறையில் வகுப்பு நடக்கும்போது நாட்களே குறைவு, அதில் பத்து நாள் போனால் 75 சதவீத வருகைப்பதிவு எட்டாது. கண்டோனேஷன் (வருகை குறைந்ததற்கான கட்டணம்) கட்ட வேண்டும், இன்டர்னல் மார்க் போய்விடும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. டெஸ்ட் எடுக்காமலேயே மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு மணிக்கு ஒரு பாராசிட்டமால் 650. எட்டரைக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். கல்லூரி வாசலில் தெர்மல் ஸ்கேனரை மணிக்கட்டில் காட்டுவார்கள், 97 என்று வரும், உள்ளே போய்விடலாம். அந்த மாத்திரை வேலை செய்வது நான்கு முதல் ஆறு மணி நேரம். அது காய்ச்சலைத்தான் இறக்கும், தொண்டையில் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. கொரோனா அதிகம் பரவுவதே அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தொடங்கிய முதல் சில நாட்கள் வரையில்தான். மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரும் நாட்களும் அவைதான். வாசலில் நிற்கும் ஸ்கேனரை நம்பி ஒரு கல்லூரியை நடத்த முடியாது.

வகுப்பறையில் பெஞ்சுக்கு இருவர் என்று உட்காரவைத்திருந்ததைப் பெற்றோர் பெருமையாகச் சொன்னார்கள். நல்லதுதான். நம் ஊரின் பழைய அரசுக் கல்லூரிக் கட்டடங்களில் கூரை உயரம், ஜன்னல் பெரியது, எதிரும் புதிருமாகக் காற்று ஓடும். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய செமினார் ஹாலைவிட அவை எவ்வளவோ மேல். எனக்குக் கவலை, முகக்கவசம் கழன்றுவிடும் இடங்களைப் பற்றித்தான். மதியம் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவைக்கும் அந்த அரை மணி நேரம், விடுதி அறை, மெஸ். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியபோது, மாணவர்கள் ஒரே மெஸ்ஸில் கூடியதைத்தான் அதிகாரிகள் சுட்டிக்காட்டினார்கள். சாப்பாட்டை மரத்தடிக்கு மாற்றினாலே ஆபத்து பெரிதும் குறையும். அப்புறம் பேருந்து. ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரி போகும் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் ஜன்னல்களையும் மூடிவிடுவார்கள்.

"தடுப்பூசி போட்டாச்சு சார், அப்புறம் என்ன?" என்று கேட்டார்கள். எத்தனை டோஸ் என்று நான் திருப்பிக் கேட்பேன். கோவிஷீல்டு தடுப்பூசிக்கு அப்போது இரண்டு டோஸுக்கும் இடையே 84 நாள். 2021 செப்டம்பர் 12 மெகா தடுப்பூசி முகாமில் முதல் டோஸ் போட்டவருக்கு இரண்டாவது டோஸ் டிசம்பர் முதல் வாரத்தில்தான். முழுப் பலன் கிடைக்க அதற்கு மேலும் இரண்டு வாரம் ஆகும். அதாவது அந்தப் பருவம் முழுக்க நம் மாணவர்களில் பலர் பாதிப் பாதுகாப்போடுதான் இருந்தார்கள். இரண்டு டோஸ் முடித்தவர்களுக்கும் தொற்று வரலாம். நோய் கடுமையாவதைத்தான் தடுப்பூசி பெருமளவு தடுக்கிறது.

இருபது வயதுப் பிள்ளை பெரும்பாலும் மூன்று நாளில் எழுந்துவிடுவான். அவன் வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கும் பாட்டி அப்படி எழுவாரா? 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்த குடும்பங்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தடுப்பூசிக்குப் பயந்து அப்போதும் போடாமல் இருந்த பெரியவர்கள் பல வீடுகளில் இருந்தார்கள். பிள்ளை வகுப்புக்குக் கிளம்புமுன் அவர்களை முகாமுக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து வரும். கொரோனாவையும் சேர்த்து மூன்றும் முதல் இரண்டு நாள் ஒரே மாதிரி இருக்கும். "இது சும்மா மழைக்காய்ச்சல்" என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். டெங்குவாக இருந்தால் வலி மாத்திரைகள் சில ஆபத்தாகிவிடும். கொரோனாவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் அப்போது கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் இலவசமாக இருந்தது. முடிவு வரும்வரை வகுப்பு வேண்டாம்.

பேராசிரியர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒருநாள் லீவுக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்காதீர்கள். அந்த ஒரு தாளுக்காகக் காய்ச்சலோடு ஒரு மாணவி என் கிளினிக்கில், பிரஷர் பார்க்க வந்த முதியவர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் போதும் என்று முதல் மூன்று நாளுக்காவது விடுங்கள். சிலர் பொய் சொல்லி லீவு எடுப்பார்கள். எடுக்கட்டும், உண்மையாகவே காய்ச்சல் உள்ளவர் வீட்டில் இருப்பது அதைவிட முக்கியம். பாசிட்டிவ் வந்தவரின் தனிமை நாட்களை வருகை நாட்களாகவே எண்ணுங்கள். ஆன்லைன் லிங்கை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். இன்டர்னல் தேர்வுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்போதே, உடம்பு முடியாதவர்களுக்கான மறுதேர்வுத் தேதியையும் அதே தாளில் போட்டு அனுப்புங்கள்.