செயலூட்டிய சிரட்டைக்கரி ஊக்கியாகும், சாதாரணக் கரி ஆகாது

திருகோணமலையில் கழிவுநீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் பணியாற்றும் எனக்கு, உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்களைப் பார்த்துக் கொடுக்கும் வேலையும் இடையிடையே வந்து சேரும். மீன் கழுவிய நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நுண்ணங்கி எரிபொருட்கலம் அவர்களுக்குப் பிடித்த தலைப்பு. பிளாற்றினம் வாங்க வழியில்லாததால், இஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போடும் சிரட்டைக்கரியை இடித்துக் கதோட்டில், அதாவது ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் காற்றையும் தொடும் நேர்முனைத் தகட்டில், பூசிக்கொண்டு வருவார்கள். எண்ணம் சரி, கரிதான் பிழை.

நுண்ணங்கிகள் சேதனப் பொருளைச் சிதைக்கும்போது மின் பிறப்பதை 1911 இல் பொற்றர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் காட்டினார். இன்றும் இடறுவது கதோட்டுப் பக்கமே. அங்கே ஒட்சிசன் மிக மெதுவாகவே இலத்திரன்களை ஏற்கும் என்பதால், வினையை விரைவாக்கும் ஊக்கி தேவைப்படுகிறது. பிளாற்றினம் அதற்குப் பேர்போனது. ஆனால் கடல்நீர் கலந்த கழிவில் சல்பேற்று மிகுதி; ஒட்சிசனற்ற சேற்றில் வாழும் பற்றீரியா அதைச் சல்பைட்டாக்க, அந்தச் சல்பைட்டு பிளாற்றினத்தின் மேற்பரப்பைப் பிடித்து அதை முடக்கிவிடும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தின் கழிவு போன்ற ஒன்றுக்கு, மலிவாகக் கிடைத்தாலும் நான் பிளாற்றினத்தைச் சொல்லமாட்டேன்.

சிரட்டைக்கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் செயலூட்டும்போது, ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் மேற்பரப்பு திறக்கிறது. ஒட்சிசன் வினைபுரிய அதுவே இடம். இஸ்திரிக்கைக் கரிபோலக் குறைந்த வெப்பத்தில் வெந்த கரியோ மின்னைக் கடத்தவே கடத்தாது. மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் ஒரு துண்டில் அழுத்திப் பாருங்கள், தடை அளவிட முடியாதபடி உயர்ந்திருக்கும். செயலூட்டிய கரித்தூளைச் மின்னைக் கடத்தும் நுண்தூளான காபன் கறுப்புச் சிறிதுடனும் டெஃப்லோன் பசையுடனும் பிசைந்து, துருப்பிடிக்காத உருக்கு வலையில் அழுத்துவதே பரவலான முறை. ஆய்வுகூடத்தில் நன்றாக அமைந்த கலம்கூட ஒரு சதுர மீற்றர் கதோட்டுக்கு 1 வாற்று அளவில்தான் தரும். வீட்டு மின்குமிழைப் பற்றிக் கேட்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சில வாரங்களில் நீர்ப்பக்கம் வெள்ளைப் படிவு ஏறும். கதோட்டருகே காரத்தன்மை கூடுவதால் படியும் கல்சியம் காபனேற்று அது. மேலே வழுவழுப்பான பற்றீரியாப் படலமும் இருக்கும். படலத்தை மெதுவாகச் சுரண்டி, காற்றோட்டமான இடத்தில் கையுறையுடன் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கழுவினால் இழந்த மின்னில் பெரும்பகுதி மீளும். திரும்பப் பூட்டிய மறுநாள் காற்றுப்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அங்கே நீரைத் தடுக்கும் டெஃப்லோன் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கதோட்டைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.