‘ஓடிக்கிட்டுதானே இருக்கு, அதுல ஏன் கை வைக்கணும்?’ வெப்சைட்டின் பழைய சாஃப்ட்வேரை மாற்றச் சொன்னால் ஓனர்கள் கேட்பது இதுதான்.

உங்கள் லாட்ஜின் டொமைன் பெயருக்கு (வெப்சைட் முகவரி) முன்னால் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் (:) போட்டு கூகுளில் தேடிப் பாருங்கள். ரூம் வாடகைக்குப் பதில் ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் வரிசையாக வந்தால், சைட் உங்கள் கையில் இல்லை. இந்த மாதமும் இதே கதைதான்.

வேலூர் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜோ, சத்துவாச்சாரி ஸ்கேன் சென்டரோ, ஆம்பூர் ஷூ கம்பெனியோ, நம் பக்கத்து வழக்கம் ஒன்றுதான். ஒருமுறை காசு கொடுத்து சைட் செய்து வாங்குவது, அப்புறம் வருஷா வருஷம் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்) மட்டும் பணம் கட்டுவது. உள்ளே ஓடுவது, சைட்டை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பழைய 5.6 பதிப்பு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 டிசம்பரோடு நின்றுபோனது. அட்ரஸ் பாரில் பூட்டு தெரிகிறதே என்பீர்கள். அது வழியில் போகும் தகவலை மறைப்பதற்கு. உள்ளே இருக்கும் ஓட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“நம்ம சின்ன சைட்டை எவன் சார் தேடி வரப்போறான்?” யாரும் தேடி வருவதில்லை. அதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறது. வங்கியா, காட்பாடி பரோட்டாக் கடையா என்று அதற்குத் தெரியாது. சர்வரின் ஆக்சஸ் லாகை (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவு) திறந்து ‘பிஎச்பியூனிட்’ என்று தேடுங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஐபிகளிலிருந்து (இணைய எண் முகவரிகள்) அந்தப் பெயரில் கோரிக்கைகள் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிஎச்பியூனிட் என்பது நிரலைச் சோதிப்பதற்கான லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்பு. லைவ் சர்வரில் அதற்கு வேலையே இல்லை. அதன் பழைய பதிப்பில் ஒரு கோப்பு, வெளியிலிருந்து அனுப்பும் எதையும் அப்படியே இயக்கிவிடும். 2017-ல் வெளியான ஓட்டை, இன்னும் தட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் பணம் அவர்களுக்கு வேண்டாம். ஸ்பாம் மெயில் அனுப்ப சர்வரும், விற்க நோயாளிகளின் போன் நம்பரும் போதும்.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் விஷயத்தில், அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற சாஃப்ட்வேருக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்துவிட்டது. போடாமல் விட்டார்கள், சுமார் 14.7 கோடி பேரின் விவரம் போனது. அவர்களுக்காவது பேட்ச் இருந்தது. ஆதரவு முடிந்த லைப்ரரிக்கு அதை எழுத ஆளே இல்லை.

முதல் வேலை கணக்கெடுப்பு. சைட் பிஎச்பியில் என்றால் ‘கம்போஸர் ஆடிட்’, நோடில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுவது) என்றால் ‘என்பிஎம் ஆடிட்’ என்ற கட்டளையை ஓட்டும்படி சைட் செய்தவரிடம் சொல்லுங்கள். லைப்ரரிகளில் தெரிந்த ஓட்டை உண்டா என்று அது பார்க்கும். ஆடிட் சுத்தம் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஓட்டைகளில் பதிவானதை மட்டும்தான் அது சொல்லும். கைவிடப்பட்ட லைப்ரரியில் ஓட்டை தேடிப் பதிவு செய்வோரே குறைவு. கையால் காப்பி செய்து போட்ட ஜேகுவெரி (பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) அதன் கண்ணிலேயே படாது. கோப்பின் ஆரம்பத்தில் பதிப்பு எண் இருக்கும், 3.5.0-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். (உபுண்டு போன்ற சர்வர் இயங்குதளங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு. அங்கே எண்ணை மட்டும் பார்த்து அலற வேண்டாம்.)

லைவ் சைட்டில் நேரடியாகப் பதிப்பை ஏற்றாதீர்கள், தயவுசெய்து. டேட்டாபேஸோடு பேசும் பழைய ‘மைஎஸ்க்யூஎல்’ ஃபங்ஷன்களை பிஎச்பி 7.0-லேயே எடுத்துவிட்டார்கள், ஏற்றியதும் வெள்ளைத் திரைதான் வரும், பழி அப்டேட் மேல் விழும். டேட்டாபேஸோடு பேக்கப் எடுத்து, அதை வேறிடத்தில் ஒருமுறை மீட்டுப் பார்த்து, அந்த நகலில் 7.4-க்குப் போய், பிழைகளைத் தீர்த்து, பிறகு 8 வரிசையில் இன்னும் ஆதரவில் உள்ள பதிப்புக்கு வாருங்கள்.

உடனே முடியாதா? அட்மின் பக்கத்தை ஆபீஸ் ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள். படம் ஏற்றும் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி தடுங்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனலில் லாகைச் சேமிக்கும் டிக்கைப் போடுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும். ஹேக் ஆனது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தாளில் ‘மெயின்டனன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தெந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, ஆதரவு எப்போது முடிகிறது, அதற்கு முன் யார் மாற்றித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.