இம்ப்யூட்டேஷன் என்றால் இட்டுநிரப்பல்

ஆங்கில அகராதியில் இம்ப்யூட்டேஷன் (imputation) என்ற சொல்லைத் தேடினால் 'பழிசுமத்தல்' என்றுதான் முதலில் கிடைக்கும். சட்டத்துக்கு அது சரி, 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் அவதூறை விளக்கும்போது இதே சொல் வந்தது. ஆனால் இதே சொல் புழங்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யாரும் யார்மீதும் பழி போடுவதில்லை.

சொல்லின் மூலம் லத்தீனின் இம்புட்டாரே. புட்டாரே என்றால் கணக்கிடுதல் (கம்ப்யூட்டரும் அதே வேர்தான்). முன்னொட்டு சேர்ந்ததும் 'ஒருவர் கணக்கில் ஏற்றுதல்' என்று ஆனது. மளிகைக் கடையில் "என் கணக்குல எழுதிக்கோங்க" என்கிறோமே, அதேதான். நல்லதையும் கெட்டதையும் ஏற்றலாம் என்றிருந்தது போகப்போகப் பழியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

புள்ளியியலில் இதன் பொருள், விடுபட்ட பதிலின் இடத்தில் மற்ற தகவல்களை வைத்து மதிப்பிட்ட ஒன்றை இடுவது. 1991 பிரிட்டன் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஓராண்டுக்கு முன் எங்கே வசித்தீர்கள் என்று கேட்டார்கள், சிலர் வேறு முகவரி என்று மட்டும் குறித்துவிட்டு எந்த ஊர் என்று எழுதவில்லை. இது விடுபட்டது. இன்னொரு பக்கம், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ந்தவர்கள் 10 பேருக்குக் குறைவு என்றால், ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று விரிவான அட்டவணைகள் பலவற்றை வெளியிடவில்லை. இது மறைத்தது. ஆங்கிலத்தின் 'சப்ரெஸ்டு' (suppressed) என்பதைப் பெயர்த்து இதை 'ஒடுக்கிய தரவு' என்று எழுதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், 'மறைத்த தரவு' போதும். இரண்டையும் சுழியம் என்று எடுத்துக்கொண்டால் சின்னச் சின்னப் பெயர்வுகள் எல்லாம் நடக்காதவை ஆகிவிடும், ஊர்விட்டு ஊர் போன மனிதர்களே காணாமல் போவார்கள்.

மறைத்ததை மீட்கக் கூட்டுத்தொகைகள் கைகொடுக்கும். ஒரு மாவட்டத்துக்கு வந்த முதியவர்கள் மொத்தம் 40, வெளியில் தெரிவது 33 என்றால் மிச்சம் 7 பேரை மறைத்த கட்டங்களுக்குள் பங்கிட வேண்டும். அட்டவணையின் நிரைக்கும் நிரலுக்கும் கூட்டுத்தொகை பொருந்தும்வரை விகிதத்தை மாற்றி மாற்றிச் சரிசெய்யும் இந்த முறையை புள்ளியியலாளர்கள் டெமிங், ஸ்டீபன் இருவரும் 1940இல் அமெரிக்கக் கணக்கெடுப்புக்காக முன்வைத்தார்கள்.

அப்புறம் தமிழ்ச் சொல். 'ஊகித்தல்' என்றால் கணக்கே இல்லாதது போலத் தொனிக்கும், 'கற்பித்தல்' வேறெங்கோ போய்விடும். நான் 'இட்டுநிரப்பல்' என்றே எழுதுகிறேன். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும், அதோடு அந்த எண் எண்ணிக் கிடைத்ததல்ல, நாம் இட்டது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.