செல்ஃப் மேனேஜ்மென்ட்: தமிழில் என்ன சொல்வது?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குச் செவிலியர் கற்றுக்கொடுப்பதை மருத்துவ உலகம் 'செல்ஃப் மேனேஜ்மென்ட்' என்கிறது. சிஓபிடி என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்வது இந்த நோயைத்தான். புகைபிடித்தவர்களுக்கும், காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வருவது. முழுதாகக் குணமாவதில்லை. டாக்டரைப் பார்ப்பது எப்போதாவது சில நிமிடங்கள். மீதி நாளெல்லாம் நோயோடு இருப்பது நோயாளிதான். அந்த மீதி நாட்களுக்கான பயிற்சிக்குத்தான் இந்தப் பெயர்.

முதல் பாடம் பெரும்பாலும் இன்ஹேலர். அழுத்தும் வகை என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி வகைக்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அந்தப் பொடி இருக்கும் கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கியவர்களும் உண்டு. அதனால் நல்ல நர்ஸ் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, "எங்க, செஞ்சு காட்டுங்க" என்பார். அப்புறம் உதட்டைக் குவித்து மெல்ல மூச்சுவிடுதல், ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்தல், நடைப்பயிற்சி. எல்லாவற்றையும்விட முக்கியம், நோய் முற்றும் அறிகுறியை முன்னமே பிடிப்பது. வழக்கத்தைவிட இரைத்தால், சளி கூடினால், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் யாரைக் கூப்பிடுவது, டாக்டர் முன்கூட்டியே எழுதித் தந்த மருந்தில் எதைத் தொடங்குவது என்று ஒரு தாளில் இருக்கும். உதடு நீலம் பாரித்தால், பேசவே மூச்சு போதாவிட்டால் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ்.

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிரியர். டென்வர் நகரில் ஆஸ்துமாக் குழந்தைகளோடு வேலை செய்தவர். நோயாளி சிகிச்சையில் ஒரு பங்காளி என்பதே அவர் சொன்ன பொருள். சிஓபிடிக்கு இது பலன் தரும் என்று காட்டியது கனடாவின் கியூபெக்கில் ழான் பூர்போ குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு. 191 நோயாளிகள், பயிற்சி பெற்றவர்கள் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து, 2012இல் முடிவு வெளியான இதே மாதிரியான ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பயிற்சி பெற்ற பக்கம் 28 பேர் இறந்திருந்தார்கள், மறுபக்கம் 10 பேர். காரணம் தெளிவாகவில்லை. ஆகவே தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது ஆபத்தில்லாத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, தமிழுக்கு வருவோம். 'சுயமேலாண்மை' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் மேலே இருந்து ஆளும் கம்பெனி வாடை அடிக்கிறது. 'மேனேஜ்' என்பதற்கு வேர் லத்தீனின் 'மானுஸ்', அதாவது கை. இத்தாலியர்கள் குதிரையைக் கையாண்டு பழக்குவதற்குச் சொன்ன வார்த்தை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. நம்மிடம் 'கையாளுதல்' தயாராகவே இருக்கிறது, அதிலும் கை இருக்கிறது. இன்ஹேலர் பிடிக்கும் கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இலக்கணப்படி ஒட்டினால் 'தற்கையாளுகை' என்று வரும். ஆனால் அவசரத்தில் காதில் 'தற்கொலை' என்று விழுந்தால் நோயாளியின் கதி என்ன? ஒரே சொல்லாக்கும் ஆசையை விட்டு, 'நோயைத் தானே கையாளுதல்' என்று விரித்தே எழுதலாம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. 'சுயமருத்துவம்' என்றால் டாக்டரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்குவது, கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். 'சுயகட்டுப்பாடு' என்றால் மூச்சு வாங்குவதே நோயாளியின் ஒழுங்கீனம் என்று ஆகிவிடும். வார்டில் நர்ஸ்கள் இதற்கெல்லாம் சொல் தேடுவதில்லை. "வீட்டுல நீங்களே பாத்துக்கலாம், முடியலன்னா போன் பண்ணுங்க" என்கிறார்கள். அந்த இரண்டாம் பாதியும் சேர்ந்ததுதான் இந்தச் சொல்லின் பொருள்.