காத்திருந்தால் ஆறு லட்சம்

புதுச்சேரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டால் உள்நாட்டுத் தொழில் வளரும், வேலை பெருகும் என்று படித்தோம். 2025-ல் அமெரிக்கா அத்தனை வரி போட்டும் அங்கே தொழிற்சாலை வேலைகள் குறைந்தன. பாடம் தப்பா?”

பாடம் தப்பில்லை. ஆனால் அது சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: போட்ட வரி நிலைத்து நிற்கும் என்று தொழில் செய்கிறவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை எங்கள் மாமாவின் முந்திரிப் பட்டறையில் வைத்துச் சொல்கிறேன்.

பட்டறை பண்ருட்டிக்குப் பக்கம், காடாம்புலியூர்ப் பாதையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக வரும் கொட்டையும் உள்ளூர்க் கொட்டையும் கலந்து ஓடுகிறது. கொட்டையை ஆவியில் அவித்து ஆறப்போட்டால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உடைப்பார்கள். தடவாவிட்டால் ஓட்டுப் பால் பட்டுத் தோல் வெந்துவிடும். கிலோ கணக்கில் கூலி. பருப்பில் ஒரு பகுதியை ஏற்றுமதி செய்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கொட்டகையின் கிழக்கு மூலையில் ஒரு கான்கிரீட் மேடை இருக்கிறது. தானாக உடைத்துப் பிரிக்கும் எந்திரத்துக்காக 2025 மார்ச்சில் போட்டது. நான்கு போல்ட்டுகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவிச் சாக்கு சுற்றியிருக்கிறார். எந்திரம் வரவில்லை. அது வந்தால் ஃபிட்டர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர், உரிக்கவும் தரம் பிரிக்கவும் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அதற்குள் ஏப்ரல் 2 வந்தது. இந்தியச் சரக்குக்கு 26 விழுக்காடு என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரே வாரத்தில் அதை 90 நாளுக்கு நிறுத்தி வைத்து, 10 மட்டும் என்றது. ஆகஸ்ட் 7-ல் 25 ஆனது. ஆகஸ்ட் 27-ல், விநாயகர் சதுர்த்தி அன்று, 50 ஆனது. ஐந்து மாதத்தில் நான்கு எண்கள். நவம்பர் நடுவில் ‘எதிர்வரி’ (மற்ற நாடுகளின் வரிக்குப் பதில் என்று சொல்லி அமெரிக்கா போட்டது) பட்டியலிலிருந்து முந்திரி உள்ளிட்ட சில வேளாண் பொருள்களை எடுத்தார்கள். நல்ல செய்திதான். ஆனாலும் மாமா அட்வான்ஸ் போடவில்லை.

“இப்பதான் எடுத்துட்டாங்களே மாமா?” என்றேன்.

“எடுத்தவன் திரும்பப் போட மாட்டான்னு என்ன நிச்சயம் மாப்ள?”

இதைப் பயம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பயமில்லை, சுத்தமான கணக்கு. எனக்குப் பொருளாதாரத்தில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்திரம், கட்டடம், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்றிலிருந்து பத்து வருஷத்து வரவை மட்டும் பார்ப்போம். புரிவதற்காக வட்டியை ஒதுக்கிவிடலாம்.

முதலில் வரி மாறாத உலகம். எந்திரம் வருஷத்துக்கு 5 லட்சம் தரும், உறுதி. இன்றே வாங்கினால் 50 வரும், 40 போக லாபம் 10 லட்சம். ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் ஒன்பது வருஷத்து வரவுதான், 45, லாபம் 5. ஆக, இன்றே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது வரி ஆடுகிற உலகம். வரி இறங்கினால் வருஷத்துக்கு 8 லட்சம், ஏறினால் 2 லட்சம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. சராசரி அதே 5 லட்சம்தான், கவனியுங்கள். இன்றே வாங்கினால் சராசரி லாபமும் அதே 10 லட்சம். ஆனால் ஒரு வருஷம் பொறுத்து, எது நடக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுத்தால்? வரி இறங்கியிருந்தால் வாங்குவார்: ஒன்பது எட்டு 72, அதில் 40 போக 32. ஏறியிருந்தால் வாங்கவே மாட்டார்: லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 32-க்கும் பூஜ்யத்துக்கும் சராசரி 16. சும்மா உட்கார்ந்திருந்ததற்கு ஆறு லட்சம் கூடுதல்!

சராசரி வரவில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. முடிவு தலைகீழாகிவிட்டது.

அந்த ஆறு லட்சம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். வரி ஏறினால், இன்று வாங்கியவருக்கு 20 லட்சம் நட்டம். காத்திருந்தவர் அதிலிருந்து தப்புகிறார். பாதி வாய்ப்பு என்பதால் அதன் மதிப்பு 10 லட்சம். வரி இறங்கினால், காத்திருந்தவருக்கு முதல் வருஷத்து 8 லட்சம் போச்சு. அதில் பாதி 4. பத்தில் நான்கு போக ஆறு.

இன்னும் ஒரு படி போகலாம். நல்ல பக்கம் இன்னும் நல்லதாகட்டும்: 8-க்குப் பதில் 10 லட்சம். காத்திருப்பின் ஆதாயம் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைகிறது, அவ்வளவே. கெட்ட பக்கம் அதே இரண்டு லட்சம் மோசமாகட்டும்: 2-க்குப் பதில் பூஜ்யம். தப்பிக்கிற நட்டம் 40 ஆகிறது, அதில் பாதி 20, இழக்கிற 4 போக ஆதாயம் 16. அதே இரண்டு லட்சம்தான். நல்லது கூடினால் ஒரு லட்சம் அசைகிறது, கெட்டது கூடினால் பத்து லட்சம் அசைகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் பென் பெர்னான்கி 1983-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுதான்: போட்டால் திரும்ப எடுக்க முடியாத முதலீட்டில், இன்று போடலாமா பொறுக்கலாமா என்பதை முடிவு செய்வது கெட்ட செய்தியின் கனம்தான். நம்மூர் மும்பையில் பிறந்த அவினாஷ் தீட்சித், ராபர்ட் பிண்டைக்குடன் சேர்ந்து 1994-ல் இதை ஒரு முழு நூலாக விரித்தார்.

எல்லாம் தொங்குவது “திரும்ப எடுக்க முடியாத” என்ற சொல்லில். எந்திரத்தை அடுத்த வருஷம் அதே 40 லட்சத்துக்கு விற்க முடியுமானால் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வரி ஏறித் தொழிலே படுத்தபின் முந்திரி எந்திரத்தை யார் வாங்குவார்? காயலான் கடைக்காரர் இரும்பு விலைக்கு எடுப்பார். பெயர்த்து எடுக்க முடியாத கான்கிரீட்டுக்கு அதுவும் கிடையாது.

இங்கே ஆடி மாதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெறும் மூடநம்பிக்கை என்றே நினைக்கிறேன்; ஒரு மாத வேலையை ஊரே தள்ளிப்போடுவது வீண். ஆனாலும் ஆடியால் எந்தத் தொழிலும் அழிந்ததில்லை, ஏன்? ஆவணி ஒன்றாம் தேதி எப்போது என்று காலண்டரில் அச்சாகியிருக்கிறது. கொத்தனாருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். வேலை ஒரு மாதம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். வரிக் குழப்பத்துக்கு அப்படி ஓர் ஆவணி கிடையாது. 90 நாள் என்றார்கள். ஜூலை 9 ஆகஸ்ட் 1 ஆனது. “இன்னும் ஒரு மாசம் பாப்போம்” என்பது ஒவ்வொரு மாதமும் சரியான முடிவாகவே இருக்கும். அப்படியே வருஷம் போய்விடும்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் தொழிற்சாலை கட்ட நினைக்கிறவருக்கும் மாமாவின் கணக்குதான், திசை மட்டும் வேறு. அவருக்குக் கெட்ட செய்தி, வரி நீங்குவது. நிர்வாக ஆணையில் வந்த வரி அடுத்த ஆணையில் போகலாம். அதனால் அவர் பொறுக்கிறார். ஆனால் விலை பொறுப்பதில்லை. இரும்புக்கு 2025 மார்ச் 12-ல் 25 விழுக்காடு, ஜூன் 4-ல் 50. இரும்பு வாங்கி டிராக்டரோ குளிர்பெட்டியோ செய்கிறவருக்குச் செலவு அன்றே ஏறிவிட்டது. வரி தரும் பாதுகாப்பால் வரவேண்டிய வேலை காத்திருக்கிறது. செலவால் போகிற வேலை உடனே போகிறது. 2018-ல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்த, அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் பொருளியலாளர்கள் ஃப்ளேன், பியர்ஸ் இருவரும், மூலப்பொருள் விலையும் மற்ற நாடுகளின் பதிலடியும் சேர்ந்து, பாதுகாப்பால் கிடைத்ததைவிட அதிகமான வேலைகளைத் தின்றதைக் காட்டியிருக்கிறார்கள்.

வரி எண் துளியும் மாறாமல் நிச்சயம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? வரலாறு அப்படியொரு சோதனையை நடத்தியிருக்கிறது. 1980 முதல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா சலுகை வரிதான் வாங்கியது. ஆனால் அந்தச் சலுகையை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் 1930-ல் எழுதிய பழைய வரி, சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல், தலையில் விழும். ஒரு வருஷம்கூட அது விழவில்லை. 2000-ல் சட்டம் போட்டுச் சலுகையை நிரந்தரமாக்கினார்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. கட்டிய வரி அதேதான். பயம் மட்டும் போனது. சீனாவில் ஆலைகள் எழுந்தன, ஏற்றுமதி பாய்ந்தது. 2000-க்கும் 2005-க்கும் இடையே அமெரிக்காவுக்கான ஏற்றுமதி வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பயம் நீங்கியதால் வந்தது என்று பொருளியலாளர்கள் ஹேண்ட்லி, லிமாவ் இருவரும் கணித்தார்கள். எதிர்க்கரையில், 2001-க்கும் 2007-க்கும் இடையே அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் 18 விழுக்காடு குறைந்தன. அதற்குக் காரணங்கள் பல; இது அவற்றில் பெரியது என்பது பியர்ஸ், ஷாட் ஆகியோரின் ஆய்வு.

நம் நாட்டிலும் இந்த நிச்சயமின்மை உண்டு. பஞ்சு இறக்குமதிக்கு 2021-ல் 11 விழுக்காடு வரி வந்தது. 2022-ல் சில மாதம் நீக்கி மறுபடி போட்டார்கள். 2025 ஆகஸ்டில் செப்டம்பர் வரை நீக்கி, அதே மாதத்தில் டிசம்பர் வரை நீட்டினார்கள். நூல் மில்லுக்கு அது உதவிதான். ஆனால் நான்கு மாதச் சலுகையை நம்பி இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கலாமே தவிர, புது ஸ்பிண்டில் (நூல் நூற்கும் கதிர்) போட முடியாது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். வேலை போனால் கணக்கில் ஏறும். பிறக்காமல் போன வேலையை யாரும் எண்ணுவதில்லை. மாமா பட்டறைக்கு வந்திருக்க வேண்டிய அந்தப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. செய்தித்தாளில் ‘நிச்சயமின்மை’, ‘கொள்கை’, ‘பொருளாதாரம்’ போன்ற சொற்கள் சேர்ந்து எத்தனை கட்டுரைகளில் வருகின்றன என்று எண்ணியே பொருளியலாளர்கள் பேக்கர், புளூம், டேவிஸ் மூவரும் ஒரு குறியீட்டெண் உருவாக்கினார்கள். தமிழ் நாளிதழ்களை வைத்து அதைச் செய்ய எவ்வளவு செலவாகிவிடும்? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பண்ருட்டி இருக்கும் நம் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாணவர்கள் நோட்டுப் புத்தகத்துடன் பண்ருட்டிப் பட்டறைகளில் ஏறி இறங்கி, “எதை வாங்க நினைத்தீர்கள், ஏன் வாங்கவில்லை?” என்று வருஷம்தோறும் கேட்டுப் பதிவு செய்ய நிதி கொடுத்தால், கொள்கை வகுப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

இந்தக் காகிதக் கணக்கை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார்.

“வரி எவ்வளவா வேணா இருந்துட்டுப் போகட்டும் மாப்ள. அஞ்சு வருஷத்துக்கு மாத்த மாட்டோம்னு எழுதிக் குடுப்பாங்களா?”

எழுதிக் கொடுக்கும் வழி 1947 காட் (வரி, வணிகம் பற்றிப் பல நாடுகள் செய்துகொண்ட பொது) ஒப்பந்தத்திலிருந்தே இருக்கிறது. இதற்கு மேல் வரி போட மாட்டேன் என்று ஒவ்வொரு நாடும் பொருள்வாரியாக உச்சவரம்பு எழுதிக் கொடுக்கிறது. அமெரிக்கா தான் எழுதிக் கொடுத்ததையே 2025-ல் மீறியது. நாம் எழுதிக் கொடுத்திருக்கும் உச்சவரம்போ சராசரியாக 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. உண்மையில் வாங்குவது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இடையில் இருக்கிற அகலம் முழுக்க, எந்த நாளும் ஏறலாம் இறங்கலாம் என்கிற இடம். பச்சைக் கொட்டைக்கும் பஞ்சுக்கும் எந்திரங்களுக்குமாவது அந்த இடைவெளியை நாமாகவே சுருக்கலாம். அது உடனே முடியாதென்றால், வரி மாற்றம் எதுவானாலும் பிப்ரவரி 1 பட்ஜெட்டில் மட்டும்தான் வரும், நடுவருஷத்தில் அறிவிக்கை வராது என்று சட்டமாக்கலாம். அப்போது மாமாவின் காத்திருப்புக்கும் காலண்டரில் ஒரு தேதி இருக்கும்.