தாதுவில் எத்தனை பங்கு உலோகம்?

கோலாலம்பூரில் மாலை நடைக்குப் போகிறோமே, அந்தத் தித்திவங்சா ஏரி ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கக் குளம். 1857இல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கிய சீனத் தொழிலாளர்கள் அம்பாங் பக்கம் போனதும் இந்த உலோகத்துக்காகத்தான். ஆனால் மண்ணை அலசியபோது கிடைத்தது உலோகம் அல்ல. காசிட்டரைட் என்ற கறுத்த, கனத்த தாது. அதில் வெள்ளீயம் எவ்வளவு என்பதை உலை மூட்டாமலே சொல்லிவிடலாம்.

காசிட்டரைட்டில் ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். வெள்ளீயத்தின் அணு நிறை 118.71. ஆக்சிஜனுக்கு 15.999; இரண்டு இருப்பதால் 31.998. கூட்டினால் 150.708, அதாவது சுமார் 150.71. மளிகைச் சீட்டில் விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுவது போலத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 118.71. கார்பன்-12 அணுவின் நிறையைச் சரியாக 12 என்று வைத்துக்கொண்டுதான் மற்ற அணுக்களை அளக்கிறோம். அந்த அளவில் 118.71 நிறையுள்ள வெள்ளீய அணு ஒன்றுகூட உலகில் கிடையாது! வெள்ளீயத்துக்கு 10 நிலையான ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகைகள், உண்டு. வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. அவற்றில் இலேசானது 112, கனமானது 124. எது இயற்கையில் எவ்வளவு கிடைக்கிறதோ அந்த விகிதத்தில் எடுத்த சராசரியே தனிம அட்டவணையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசிட்டரைட்டில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. அணுக்கள் படிகம் முழுக்க ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அதனால் 150.71ஐ வாய்பாட்டு நிறை என்பதே பொருத்தம். தண்ணீருக்கு 18.015 என்று கணக்கிட்டால் அது உண்மையிலேயே மூலக்கூறு நிறை. கணக்குப் போடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, 118.71ஐ 150.71ஆல் வகுத்தால் 0.788. ஆக, 100 கிலோ தூய காசிட்டரைட்டில் வெள்ளீயம் ஏறத்தாழ 78.8 கிலோ. எவ்வளவு திறமையான உலையானாலும் அதற்கு மேல் ஒரு கிலோ எடுக்க முடியாது. மீதி 21.2 கிலோ ஆக்சிஜனைப் பிரிக்கத்தான் பினாங்கு ஜார்ஜ்டவுனிலும் அக்கரையில் பட்டர்வொர்த்திலும் உருக்காலைகள் எரிந்தன.

அங்கே ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு வாயுவாக வெளியேறியது கார்பன். அதன் தேவையையும் இதே எண்கள் சொல்லும். கார்பனின் அணு நிறை 12.011. ஒவ்வொரு ஆக்சிஜன் அணுவையும் ஒரு கார்பன் அணு கார்பன் மோனாக்சைடாக எடுத்துப் போனால், 150.71 கிலோ தாதுவுக்கு 24.02 கிலோ கார்பன் வேண்டும். கார்பன் டைஆக்சைடாகப் போனால் அதில் பாதி போதும்.